கோட்வெல்லும் மனமும்: எமது திறனாய்வு பாதியிற் கைவிட்ட ஒரு வினா

ஈழத்துத் தமிழ்த் திறனாய்வில் ‘மனம்’ என்னும் சொல் நெடுங்காலம் ஐயத்துக்குரிய சொல்லாகவே இருந்துவந்துள்ளது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இங்கு நடைபெற்ற இலக்கிய விவாதங்களைத் தொகுத்து நோக்குவோருக்கு இது எளிதிற் புலனாகும். மனத்தைப் பற்றிப் பேசியோரிற் பலர் சமுதாயத்தைப் பற்றிப் பேசாதிருப்பதற்கு ஒரு வழியாகவே அதனைப் பேசினர். சமுதாயத்தைப் பற்றிப் பேசியோர் அக்காரணத்தாலேயே மனத்தை எதிரணியினருக்கு உரிய நிலமாக விட்டுக்கொடுத்தனர். அகம், ஆன்மா, உள்ளொளி முதலிய சொற்கள் ஒரு பக்கமும், வர்க்கம், உற்பத்தி உறவு, உலக நோக்கு முதலிய சொற்கள் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்றன. இப்பிரிவினை அன்றைய அரசியற் சூழலில் தவிர்க்கவியலாததாக இருந்திருக்கலாம். ஆயின் அதனால் நேர்ந்த இழப்பு முற்போக்குத் திறனாய்வுக்கே கூடுதலானது என்பது எனது கருத்து. அவ்விழப்பின் தன்மையை விளங்கிக்கொள்வதற்கு, எம்மிடையே அடிக்கடி மேற்கோள் காட்டப்பட்டும் பாதியளவே வாசிக்கப்பட்ட ஆங்கிலத் திறனாய்வாளர் கிறிஸ்தோபர் கோட்வெல்லை மீண்டும் நோக்குதல் பயனுடைத்து.

கோட்வெல் எம்மை வந்தடைந்த வழி நன்கறியப்பட்டதே. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1937 முதல் 1970 வரை கிரேக்க மொழிப் பேராசிரியராக விளங்கிய ஜோர்ஜ் தொம்சனிடம் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் ஆய்வு மேற்கொண்டனர். முன்னவரின் ஆய்வு தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய நூலாக 1968இல் வெளிவந்தது. பின்னவரின் பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகம் பற்றிய ஆய்வு 1981இல் நூலுருப் பெற்றது. தொம்சன் கோட்வெல்லின் கொள்கையை ஏற்று வளர்த்தவர். 1945இல் அவர் எழுதிய ‘மார்க்சியமும் கவிதையும்’ என்னும் சிறு நூல் கோட்வெல்லின் கருத்துகளைத் தெளிந்த நடையிலே சுருக்கித் தருவது. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கப்பால் உள்ள பிளாஸ்கெற் தீவு மக்களின் வாய்மொழிக் கவிதையில் தாம் கண்டறிந்தவற்றை அவர் அதனோடு இணைத்துக் காட்டினார். எம்மிற் பெரும்பாலோர் கோட்வெல்லை இச்சிறு நூலின் வாயிலாகவே அறிந்தோம். ஆசிரியனைச் சீடன் வழியாக அறிவதில் ஓர் ஆபத்து உண்டு. சீடனுக்குத் தேவைப்படாத பகுதி எமது பார்வைக்கு வராமலே போய்விடும்.

கோட்வெல் என்பது அவரது தாய்வழிக் குடும்பப் பெயர். 1907இல் இலண்டனைச் சார்ந்த பட்னியிற் பிறந்த அவரது இயற்பெயர் கிறிஸ்தோபர் சென்ற் ஜோன் ஸ்பிறிக். கத்தோலிக்கப் பள்ளியொன்றிற் பயின்று, பதினைந்து வயதளவிலே கல்வியை விடுத்துப் பத்திரிகைத் தொழிலிற் புகுந்தார். பல்கலைக்கழகத்தில் அவர் காலடி வைக்கவேயில்லை. பின்னர் தமையனாருடன் சேர்ந்து விமானத்துறை சார்ந்த வெளியீட்டு நிறுவனமொன்றை நடத்தினார். வான்கப்பல், விமானமோட்டல் ஆகியன பற்றிய நூல்களையும் துப்பறியும் நாவல்களையும் ஸ்பிறிக் என்ற பெயரில் எழுதினார். கோட்வெல் என்ற பெயரைத் தாம் பெரிதும் மதித்த எழுத்துகளுக்கென ஒதுக்கி வைத்தார். சந்தைக்கு ஒரு பெயர், உள்ளத்துக்கு ஒரு பெயர் என்று தமது வாழ்வையே இரண்டாகப் பிரித்துக்கொண்ட ஒருவர்தாம் பிற்காலத்தில் இப்பிரிவினையையே முதலாளித்துவப் பண்பாட்டின் நோயாக இனங்கண்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது. உணர்ச்சி, விஞ்ஞானம், கலை ஆகிய மூன்று தேவைகளையும் ஒருங்கிணைக்கும் உலகநோக்கு ஒன்று தம்மிடம் இல்லாதிருந்ததே தமது பலவீனம் என 1935இல் நண்பர்களுக்கு எழுதிய கடிதமொன்றில் அவர் குறிப்பிட்டார். மார்க்சியம் அவருக்கு முதலில் ஒரு கட்சித் திட்டமாக வரவில்லை; இக்குறைக்கு மருந்தாகவே வந்தது.

அக்கடிதத்துக்கு ஓராண்டு முன்னர்தாம் அவர் மார்க்சிய நூல்களைப் படிக்கத் தொடங்கியிருந்தார். 1935 கோடையில் கோர்ன்வோலில் தங்கியிருந்து ‘மாயையும் யதார்த்தமும்’ என நாம் பெயரிடத்தக்க பெருநூலின் முதல் வரைவை எழுதினார். அவ்வாண்டிறுதியிற் கிழக்கு இலண்டனின் தொழிலாளர் பகுதியான பொப்லருக்குக் குடிபெயர்ந்து கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். 1936 டிசம்பரில் ஸ்பானியக் குடியரசுக்கெனச் சேகரிக்கப்பட்ட மருத்துவ வண்டியொன்றை ஓட்டிச் சென்று, அங்கே சர்வதேசப் படையணியில் இணைந்தார். 1937 பெப்ரவரி 12ஆந் திகதி ஹராமா ஆற்றுச் சமரில், தோழர்கள் பின்வாங்குவதற்கு வழிசெய்து இயந்திரத் துப்பாக்கியுடன் நின்ற வேளை கொல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 29. பெருநூல் அவ்வாண்டே அச்சேறியது. ‘மாயும் பண்பாடு பற்றிய ஆய்வுகள்’ 1938இலும், அதன் தொடர்ச்சியான கட்டுரைத் தொகுதி 1949இலும் வெளிவந்தன. இரண்டாண்டுக் காலத்துள் இவ்வளவையும் எழுதிய ஒருவரின் நூல்களில் அவசரம் தெரிவது இயல்பே. தெரியவும் செய்கின்றது.

பெருநூல் 12 அத்தியாயங்களைக் கொண்டது. முதலிரு அத்தியாயங்கள் கவிதையின் தோற்றத்தையும் புராணிகத்தின் மறைவையும் பற்றியன. அடுத்த நான்கும் முதலாளித்துவத்தின் வளர்ச்சியோடு ஆங்கிலக் கவிதையின் வளர்ச்சியைப் பொருத்திக் காட்டுவன. இங்கே ஓர் அட்டவணையும் உண்டு. ஒரு நிரலிற் பொருளாதார நிலைமையும் மறு நிரலிற் செய்யுள் உத்தியும் தரப்பட்டுள்ளன. நான் மாணவனாக இருந்த காலத்தில் நூலகமொன்றிற் கையாண்ட பிரதியில் முதல் ஆறு அத்தியாயங்கள் நிறையப் பென்சிற் கோடுகள் இடப்பட்டிருந்தன. அட்டவணையைச் சுற்றி இரட்டைக் கோடு. ‘உலகமும் நானும்’, ‘உளமும் கற்பனையும்’, ‘கவிதையின் கனவுத் தொழிற்பாடு’ எனப் பொருள்படும் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் அத்தியாயங்கள் துப்புரவாக இருந்தன. அவற்றுக்குக் கோடிட்டவர்களுள் நானும் ஒருவனல்லன். இறுதி அத்தியாயத்திலே, கவிதையின் எதிர்காலம் பேசப்படும் இடத்திலே, கோடுகள் மீண்டும் தோன்றின. ஈழத்தில் கோட்வெல் வாசிக்கப்பட்ட முறைக்கு அப்பிரதியை ஓர் ஆவணமாகவே கொள்ளலாம்.

கைவிடப்பட்ட அம்மூன்று அத்தியாயங்களே நூலின் உயிர்நிலை. கவிதையின் தோற்றம் பற்றிய அவரது கொள்கையே அவற்றை அறியாவிடிற் பிழையாக விளங்கிக்கொள்ளப்படும். பிழையாக விளங்கிக்கொண்டும் உள்ளோம்.

உழைப்பிலிருந்து பாட்டுப் பிறந்தது என்பதே கோட்வெல்லின் கருத்து என நாம் பொதுவாகக் கூறிவருகின்றோம். உடலுழைப்பின் சீரான அசைவு தாளமாயிற்று, தாளம் பாட்டாயிற்று என்ற விளக்கம் உண்மையிற் கார்ல் பூஹர் என்ற ஜேர்மானியப் பொருளியலாளருடையது. 1896இல் அவர் எழுதிய ‘உழைப்பும் தாளமும்’ என்னும் நூலின் மையக் கருத்து இது. தொம்சன் இதனைத் தமது விளக்கத்திற் சேர்த்துக்கொண்டார். நாம் இரண்டையும் ஒன்றெனக் கொண்டோம். எமது கரையோர மீனவர் கரைவலை இழுக்கையிற் பாடும் அம்பாப் பாடலுக்குப் பூஹரின் விளக்கம் முற்றிலும் பொருந்தும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடும்பொழுது பல கைகள் ஒரு கணத்தில் ஒருமித்து இழுக்கின்றன. பாட்டு அங்கே கயிற்றைப் போல ஒரு கருவி.

கோட்வெல் எழுப்பிய வினா வேறு. உழைப்பு நடவாத வேளையில், பயன் கண்முன் இல்லாத நிலையில், மனிதர் எதற்காகக் கூடிப் பாடுகின்றனர் என்பதே அவ்வினா. விதைக்கும் காலத்தில் அறுவடை இல்லை. பசிக்கும் விளைச்சலுக்கும் இடையே பல மாதங்கள் கிடக்கின்றன. விலங்கின் இயல்பூக்கம் அவ்விடைவெளியைத் தாண்டாது. விழாவின் ஆட்டத்திலும் பாட்டிலும் இல்லாத அறுவடை உள்ளதாகின்றது. அந்தக் கற்பிதத்தின் ஒளியில் ஆடுவோரின் உள்ளக்கிளர்ச்சி வயலை நோக்கித் திரும்புகின்றது. வயலில் உழைத்த பின்னர் கற்பிதம் மெய்யாகின்றது. மாயை என அவர் குறித்தது பொய்யை அன்று. வருங்கால மெய்யொன்றுக்கு மனத்தை ஆயத்தப்படுத்தும் கூட்டுக் கற்பனையையே அவ்வாறு குறித்தார்.

இதற்கு எம்மிடையே தகுந்த எடுத்துக்காட்டு அம்பாவன்று; மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகையம்மன் குளிர்த்திப் பாடலே. வைகாசியில், வெயிலும் வெப்புநோயும் அச்சுறுத்தும் பருவத்தில், ஊர் கூடி அம்மனின் சினம் தணியப் பாடுகின்றது. அங்கே இழுப்பதற்குக் கயிறு இல்லை. தணிக்கப்படுவது அம்மனின் சினமாயினும் தணிவது கூடியிருப்போரின் அச்சமே. மழையில்லாத வேளையில் மழையின் குளிர்மை சொல்லிலும் இசையிலும் முன்னதாகவே வந்துவிடுகின்றது. மதுரையை எரித்த பெண்ணின் துயரம் உழவரின் கோடைத் துயரத்தைச் சுமக்கும் பாத்திரமாகின்றது. இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவோரும், தொன்மை எனப் போற்றி நிறுத்திக்கொள்வோரும், பங்குபற்றுவோரின் மனத்தில் நிகழ்வது யாது என்ற வினாவைத் தவறவிடுகின்றனர். கோட்வெல் தவறவிடவில்லை.

அவரது மனக்கொள்கையைச் சுருங்கக் கூறின் பின்வருமாறு அமையும். விஞ்ஞானம் மனிதர் அனைவருக்கும் பொதுவான புற உலகொன்றைக் கட்டியெழுப்புகின்றது. கலை பொதுவான உணர்ச்சி உலகொன்றைக் கட்டியெழுப்புகின்றது. கனவிலும் கற்பனை உண்டு. ஆயின் கனவு காண்பவன் தனித்தவன். அவனுடைய படிமங்கள் பிறருக்கு உரியனவல்ல. கவிதையோ கனவின் பொருளையே எடுத்து மொழியில் இடுகின்றது, மொழியோ சமுதாயத்தினது. எனவே கவிதையில் ‘நான்’ என்று பேசும் குரல் எவ்வளவு அந்தரங்கமானதாயினும் அது பலர் வந்து நிற்கத்தக்க ‘நான்’ ஆகும். இதனை ஏற்போமாயின், அகநிலைக் கவிதை யாவும் சமுதாயத்துக்குப் புறமுதுகு காட்டுவன என்ற எமது பழைய தீர்ப்பு நிற்க முடியாது. தன்னுணர்ச்சிப் பாடலே கவிதையின் சமுதாயத் தன்மை மிகச் செறிந்து விளங்கும் இடமாகும். சங்க அகப்பாடல்களிற் பெயர் சுட்டப்படாத மாந்தர் பேசுவதன் கருத்தை விளக்குவதற்கும் இது பெரிதும் உதவும். அது தனியே விரித்துரைக்க வேண்டிய பொருள்.

பிராய்டைப் பற்றிய அவரது கட்டுரை இக்கொள்கையின் மறுபக்கம். அக்காலத்து இடதுசாரிகளிற் சிலர் உளப்பகுப்பை முதலாளித்துவத்தின் சீரழிவு என ஒரே சொல்லில் ஒதுக்கினர். கோட்வெல் அவ்வாறு செய்யவில்லை. பிராய்ட் சேகரித்த தரவுகளை மதித்தார். அவற்றுக்கு அவர் தந்த விளக்கத்தை மறுத்தார். தணிக்கையாளன், நனவிலி முதலியன ஒன்றோடொன்று பொருதும் தேவர்களைப் போல இயங்கும் அவ்விளக்கத்தைப் புராணிகம் என்றே அவர் கருதினார். மறுப்பின் அடிப்படை அரசியல் சார்ந்தது. பிராய்டின் பார்வையில் இயல்பூக்கம் சுதந்திரமானது, சமுதாயம் அதற்குப் பூட்டிய விலங்கு. இது ரூசோவின் பழைய கூற்றின் உளவியல் வடிவமே என்றும், முதலாளித்துவ மனிதன் தன் சுதந்திரத்தைப் பற்றிக் கொண்டுள்ள மாயையே இங்கு விஞ்ஞானமாகப் பேசுகின்றது என்றும் கோட்வெல் வாதிட்டார். இயல்பூக்கம் குருடானது, குருடானது சுதந்திரமானதாக இருத்தல் இயலாது. உழைப்பிலும் மொழியிலும் உறவிலும் புகுந்து தன்னை அறிந்துகொள்ளும்போதே அது சுதந்திரம் பெறுகின்றது. சமுதாயம் மனத்தின் சிறைச்சாலையன்று; மனம் பிறக்கும் இடமே அதுதான்.

அன்பு பற்றிய கட்டுரையில் இவ்வாதம் மேலும் நுண்மை பெறுகின்றது. முதலாளித்துவம் பொருளாதார உறவுகளிலிருந்து கனிவை முற்றாகப் பிழிந்தெடுத்துவிட்டது. எஞ்சிய அன்பு வீட்டின் நான்கு சுவர்களுக்குள் ஒடுக்கப்பட்டது. அங்கும் அது பிழைக்கவில்லை. வேலைத்தலத்தின் வறட்சி முழுவதற்கும் ஈடுசெய்யுமாறு படுக்கையறை வற்புறுத்தப்படும்போது அது அச்சுமையின் கீழ் நொறுங்குகின்றது. இவ்வளவும் அவர் வார்த்தைகளில் இல்லை. அவர் காட்டிய திசையில் நான் ஓரடி கூடுதலாகச் சென்றுள்ளேன்.

இவ்விடத்தில் எமது இலக்கிய வரலாற்றின் ஓர் அத்தியாயம் நினைவுக்கு வருகின்றது. எஸ். பொன்னுத்துரையின் ‘தீ’ 1961இல் வெளிவந்தபோது எழுந்த கண்டனமும், அறுபதுகளின் நடுப்பகுதியில் அவர் எழுதிய ‘சடங்கு’ பெற்ற வரவேற்பின்மையும் அறியப்பட்டவை. பொன்னுத்துரை முற்போக்கு அணியிலிருந்து விலகி ‘நற்போக்கு’ என்ற பெயரில் எதிரணி அமைத்தவர். அவரும் வாதத்தில் நாவடக்கம் காட்டியவரல்லர். ஆயின் ‘சடங்கு’ நாவலின் கதைப்பொருள் யாது? கொழும்பிற் பணியாற்றும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் ஒருவர் மனைவிமீது கொண்ட வேட்கையுடன் லீவு எடுத்துப் புகையிரதமேறி ஊருக்கு வருகின்றார். வீட்டின் கடமைகளும் மாமியாரின் நடமாட்டமும் பிள்ளைகளும் உறவினரும் அவ்வேட்கைக்கு இடமளிப்பதில்லை. லீவு முடிந்து திரும்புகின்றார். அவ்வளவே.

இதனைப் பாலியல் எழுத்து எனப் பழித்தோரும் உளவியல் எழுத்து எனப் புகழ்ந்தோரும் ஒரே பிழையைச் செய்தனர் என்பேன். வறண்ட குடாநாட்டு மண், அது போதாமையால் அரச உத்தியோகம், உத்தியோகம் தலைநகரிலும் குடும்பம் ஊரிலும் என்ற பிளவு, சீதனத்தால் மனைவியின் தாய்வீட்டோடு பிணைக்கப்பட்ட இல்லறம், எண்ணிக் கொடுக்கப்படும் லீவு நாள்கள் ஆகிய அனைத்தும் அந்த மனிதரின் உடலுக்குள்ளே வந்து நிற்கின்றன. குடியேற்றவாதம் உருவாக்கிய எழுதுவினைஞர் வர்க்கத்தின் பொருளாதாரம் இதைவிடத் துல்லியமாக எமது புனைகதையிற் பதிவாகியுள்ளதா என்பது ஐயமே. வேலைநிறுத்தத்தை விவரிக்கும் நாவலில் வர்க்கத்தைக் காண்பதற்குத் திறனாய்வாளன் தேவையில்லை. நிறைவேறாத ஓர் இரவில் அதனைக் கண்டு கூறுவதற்கே அவன் தேவை. ‘அன்பு’ கட்டுரையை வாசித்த முற்போக்குத் திறனாய்வாளர் ஒருவருக்கு இது கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. அணிப்பகை கண்ணை மறைத்தது. பொன்னுத்துரையின் நாவலைப் பொன்னுத்துரையின் பேச்சிலிருந்து பிரித்து நோக்கும் பொறுமை எம்மிடம் அன்று இருக்கவில்லை.

கோட்வெல்லின் சொந்த அணியினரும் அவரை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1950-51 காலப்பகுதியில் ‘மொடேர்ன் குவாட்டர்லி’ என்னும் பிரித்தானிய மார்க்சிய இதழில் மொறிஸ் கோன்ஃபோர்த் அவரைக் கடுமையாக விமரிசித்தார். மாறாத இயல்பூக்கங்களின் தொகுதியொன்றை மனிதனுக்குள் வைத்து, அதன்மீது சமுதாயம் செயற்படுவதாகக் காட்டுவது மார்க்சியமன்று என்பது அவரது குற்றச்சாட்டுகளுள் முதன்மையானது. தொம்சன் கவிதையின் சார்பில் மறுமொழி கூறினார், விஞ்ஞானி ஜே. டி. பேர்னலும் இவ்விவாதத்திற் கலந்துகொண்டு கோட்வெல்லின் விஞ்ஞானச் சொல்லாட்சியைக் குறைகூறினார். 1958இல் றேமண்ட் வில்லியம்ஸ் அவரது இலக்கியக் கூற்றுகள் மிகப் பொதுப்படையானவை என்று கண்டார்; அட்டவணையைப் பார்த்த எவரும் இதனை மறுக்க மாட்டார்கள். 1977இல் வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் எழுதிய நீண்ட கட்டுரையே நேர்மையான மீள்மதிப்பீடாக எனக்குப் படுகின்றது. இலக்கியத் திறனாய்வாளர் என்பதைவிடப் பண்பாட்டையும் கருத்துநிலையையும் ஆராய்ந்த சிந்தனையாளராகவே அவரைக் கொள்ள வேண்டும் என்றும், பெருநூலிலும் பார்க்கக் கட்டுரைத் தொகுதிகளே சிறந்தன என்றும் அவர் வாதிட்டார்.

கோன்ஃபோர்த்தின் தொனி கட்சி நீதிமன்றத்தின் தொனியாயினும் அவரது குற்றச்சாட்டில் உண்மை உண்டு. கோட்வெல்லின் மனிதனுக்குள்ளே மாறாத ஒரு கரு இருக்கின்றது. ஆங்கிலத்தில் உயிரியலாளர் பரம்பரையமைப்புக்கு இட்ட பெயரையே அதற்கு அவர் வழங்குகின்றார். சமுதாயத்தின் தேவை புறத்தே இருக்கின்றது. கவிதை இரண்டுக்கும் இடையில் நின்று முன்னதைப் பின்னதற்கு இசைவிக்கின்றது. இவ்விசைவிப்பு எப்போதும் ஒரு திசையில் மட்டுமே நிகழ்கின்றது. மனம் தேவைக்கேற்ப வளைகின்றது, தேவையை மனம் கேள்விக்குட்படுத்துவது அரிதாகவே பேசப்படுகின்றது. சமுதாயத்தின் தேவை இன்னது என வரையறுப்பவர் யார் என்ற வினாவை அவர் போதிய அளவு எழுப்பவில்லை. பழங்குடி விழாவில் அவ்வினா எழாது. அங்கே உழைப்பவரும் பாடுபவரும் உண்பவரும் ஒருவரே. வர்க்கங்களும் படைகளும் தலைமைகளும் உள்ள சமுதாயத்தில் அது முதலில் எழவேண்டிய வினா.

இது ஏட்டு வினாவாக எமக்கு இருக்கவில்லை. 1983 ஜூலைக்குப் பின்னர் ஈழத்துத் தமிழ்க் கவிதை கூட்டு உணர்ச்சியின் கலையாக மாறியது. ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுதி 1985இல் வெளிவந்தது. அவ்வாண்டே குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ மேடையேறியது. தனித்தனியே அஞ்சியிருந்த மக்கள் தமது அச்சம் பொதுவானது என்பதை அரங்கிலே கண்டுகொண்டனர். குளிர்த்தியில் நிகழ்வதை ஒத்த நிகழ்ச்சியே இது. கோட்வெல்லின் கொள்கைக்கு இதனினும் சிறந்த சான்றை இருபதாம் நூற்றாண்டில் அதிகம் தேட முடியாது. ஆயின் இதே ஆற்றலை இயக்கங்களும் அறிந்திருந்தன. பாடல், மேடை, நினைவுநாள் ஆகியன மனங்களைப் போருக்கு ஆயத்தப்படுத்தும் கருவிகளாக ஒழுங்கமைக்கப்பட்டன. எதிர்த்தரப்பில் அரசும் தனது வெகுசனத் தொடர்பு சாதனங்களின் வழியாக அதையே செய்தது.

விதைப்புப் பாடலுக்கும் போர்ப்பாடலுக்கும் இடையே கோட்வெல் காணத் தவறிய வேறுபாடு ஒன்று உண்டு. விழாவின் கற்பிதம் வயலிலே சோதிக்கப்படுகின்றது. பாடியவரே அடுத்த பருவத்தில் விளைச்சலை அளந்து பார்க்கின்றார். பொய்த்தால் பாட்டு மாறும். உயிரைக் கேட்கும் பாடலுக்கு இச்சோதனை இல்லை. அதனை முழுமையாக நம்பியவர் திரும்பி வந்து சாட்சி கூறுவதில்லை. மாயைக்கும் யதார்த்தத்துக்கும் இடையே இருந்த போக்குவரத்து அங்கே ஒருவழிப் பாதையாகின்றது. புறநானூற்றுப் பாணரின் பாடல்களிலும் இச்சிக்கல் உண்டு. வீரயுகக் கவிதையை ஆராய்ந்த கைலாசபதி பாணரின் சமூக நிலையையும் வாய்மொழி உத்தியையும் விரிவாக விளக்கினார். அப்பாடல்கள் கேட்போரின் மனத்தில் எதனை ஆக்கின என்பதைக் குறைவாகவே பேசினார். அவர் 1982 டிசம்பரில் காலமானார். அடுத்த ஆண்டில் தொடங்கியவற்றைக் கண்டிருந்தால் அவ்வினாவுக்குத் திரும்பியிருப்பாரா என்பது எம்மாற் கூறத்தக்கதன்று.

1986இல் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ என்ற பெண்கள் கவிதைத் தொகுதியில் இடம்பெற்றவர்களுள் ஒருவர் சிவரமணி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியாக இருந்தவர். 1991 மே மாதத்தில் தம்மிடமிருந்த கவிதைகளை எரித்துவிட்டுத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அம்முடிவுக்குக் காரணம் கற்பிக்கும் உரிமை திறனாய்வாளனுக்கு இல்லை. எஞ்சியிருக்கும் கவிதைகளைப் பற்றி மட்டும் ஒன்று கூறலாம். கூட்டு உணர்ச்சி ஒரே குரலாக இறுகிவிட்ட காலத்தில், அக்குரலுக்குள் அடங்காத ஒரு மனம் அவற்றிற் பேசுகின்றது. கோட்வெல்லின் பகுப்பின்படி அம்மனத்துக்கு இடம் எது? சமுதாயத்திலிருந்து பிரிந்து தன் தனிமையையே சுதந்திரமெனக் கொள்ளும் முதலாளித்துவக் கலைஞன் என்று டி. எச். லோறன்ஸைப் பற்றி அவர் வகுத்த பெட்டிக்குள் இதனையும் இடலாம். எழுபதுகளின் எமது திறனாய்வு தயக்கமின்றி இட்டிருக்கும். அது வெறும் பிழையாக மட்டும் இராது, அநீதியாகவும் இருந்திருக்கும்.

ஆயின் இப்பெட்டியை உடைப்பதற்கான கருவியும் கைவிடப்பட்ட அம்மூன்று அத்தியாயங்களிலேயே இருக்கின்றது என்பதுதான் விந்தை. கவிதையின் ‘நான்’ பலர் வந்து நிற்கத்தக்க இடம் என்று அங்கே அவரே கூறுகின்றார். அவ்வாறாயின், பலரும் வாய்திறக்க அஞ்சும் ஒரு காலத்தில் ஒருவர் தனித்துப் பேசும்போது, அத்தனிக்குரலே அன்றைய உண்மையான கூட்டுக்குரலாக இருத்தல் கூடும். மேடையில் ஒலிக்கும் கூட்டுக்குரல் சிலரது தனிக்குரலாக இருத்தலும் கூடும். எண்ணிக்கையைக் கொண்டு இதனைத் தீர்மானிக்க இயலாது. சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தே தீர்மானிக்க வேண்டும். 29 வயதில், இயந்திரத் துப்பாக்கியின் பின்னால் நின்று மாண்ட ஒருவர் இம்முடிவுக்கு வந்திருப்பாரா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. தோழர்களுக்காகத் தனித்து நின்றவர் அவர்; தனித்து நிற்பதன் பொருளை எழுதுவதற்கு அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு எழுதப்பட்ட கவிதைகளை, 2009க்குப் பின் வெளிவந்த நினைவுக்குறிப்புகளோடும் போராளிகளின் எழுத்துகளோடும் ஒருங்குவைத்து, இந்நோக்கில் வாசிக்கும் பணி பெருமளவு செய்யப்படாமலே கிடக்கின்றது. எந்த இயக்கத்தை எவர் ஆதரித்தார், எவர் எதிர்த்தார் என்ற பட்டியல்கள் எம்மிடம் நிறைய உண்டு. ஒரு தலைமுறையின் அச்சம், விருப்பம், குற்றவுணர்வு ஆகியன எவ்வாறு ஆக்கப்பட்டன, எந்தச் சொற்களின் வழியாக ஆக்கப்பட்டன, எந்தச் சொற்கள் அவற்றுக்கு இணங்க மறுத்தன என்பன பற்றி எம்மிடம் இருப்பன சில கட்டுரைகளே. எட்டாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம்.